தம்பி செமினரிக்குப் போன கதை, கொஞ்சம் அப்பா கதையும்

முதல்லயே சொல்லிடுறேன், இது சாட்சி இல்ல. எங்க சபையில யாராவது மைக்கைப் புடிச்சா "நான் எங்கேயோ கிடந்தேன், கர்த்தர் தூக்கி எடுத்தார்"னு முடிப்பாங்கல்ல, அந்த மாதிரி எதையும் எதிர்பார்த்து வராதீங்க. போன ஜூன் கடைசியில என் தம்பி சேர்ந்திருக்கிற செமினரியில (பாஸ்டர் ஆகப் படிக்கிற இறையியல் கல்லூரி) புது மாணவர்களுக்கு அர்ப்பணிப்பு ஆராதனை நடந்துச்சு, நானும் அம்மாவும் அப்பாவும் போயிருந்தோம், அதுக்கு முந்தி மூணு மாசம் நான் அவன்கூட பேசவே இல்ல. அவ்வளவுதான் விஷயம். எந்த காலேஜ்னு கேக்காதீங்க. "எக்கா, பேரை மட்டும் போட்டுராத, நான் இன்னும் நாலு வருஷம் இங்க சோறு திங்கணும்"னு சொல்லிட்டான்.

ஏன் பேசலன்னா, லோன். அவன் மெக்கானிக்கல் படிச்சான், பேங்க்ல அப்பா சம்பளத்தைக் காட்டினா மேனேஜர் சிரிப்பாரு, அதனால கையெழுத்து போட்டது நான். படிச்சு முடிச்சு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்ல ரெண்டு வருஷம் இருந்தான், சரி இனிமே நமக்கு மூச்சு விடலாம்னு நான் நினைச்ச நேரத்துல மார்ச் மாசம் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி ரிசைன் பண்ணிட்டேன் எக்கா, செமினரிக்குப் போறேன், செலக்‌ஷன் ஆயிருச்சுங்கிறான். செலக்‌ஷன் ஆயிருச்சாம்! அதாவது திருமண்டல ஆபீஸ்ல (எங்க பிஷப் ஆபீஸ்) இன்டர்வியூ, எழுத்துப் பரீட்சை, மெடிக்கல், எல்லாம் முடிச்சிட்டு கடைசியில எனக்கு நியூஸ் வாசிக்கிறான். நான் என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது.

அம்மாவுக்கு மட்டும் முகமெல்லாம் பல்லு. அதுக்கும் ஒரு காரணம் இருக்கு, அதைச் சொல்லணும்னா அப்பா யாருன்னு சொல்லணும்.

அப்பா முப்பத்தோரு வருஷம் உபதேசியார். கிறிஸ்தவங்க இல்லாதவங்களுக்கு இந்த வார்த்தை தெரியாம இருக்கலாம். எங்க பக்கம், நாசரேத், சாத்தான்குளம், மெஞ்ஞானபுரம் அந்தச் சுத்துல, பல ஊர் கோயில்களைச் சேர்த்து ஒரு சேகரம். சேகரத்துக்கு ஒரு ஐயர், அதாவது பட்டம் வாங்கின குருவானவர் (எங்க ஊர்ல பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம், சென்னையில ஆபீஸ்ல "எங்க ஊர் ஐயர் பொங்கல் அன்னைக்கு ஆட்டுக்கறி சாப்பிட்டாரு"ன்னு சொல்லி நான் பட்ட பாடு தனிக் கதை). ஐயர் எல்லா ஊருக்கும் ஒரே ஞாயித்துக்கிழமை வர முடியாதுல்ல, அதனால ஒவ்வொரு சின்ன ஊர் கோயிலுக்கும் ஒரு உபதேசியார். மணி அடிக்கிறது, கோயிலைக் கூட்டுறது, சண்டே ஸ்கூல், நோயாளி வீட்டு ஜெபம், மழை இல்லன்னா ஜெபம், மாமியார் மருமக சண்டைன்னா ஜெபம், அசனத்துக்கு (கோயில்ல போடுற பொதுச் சாப்பாடு) அரிசி கணக்கு, சாவு விழுந்தா ஐயர் வர்ற வரைக்கும் பாட்டுப் பாடி உக்காந்திருக்கிறது எல்லாம் அவர்தான். ஆனா நற்கருணை (இயேசுவோட கடைசி விருந்தை நினைச்சு கொடுக்கிற ரொட்டியும் திராட்சரசமும்) கொடுக்க முடியாது, ஞானஸ்நானம் கொடுக்க முடியாது, கல்யாணம் நடத்தி வைக்க முடியாது. அதுக்கெல்லாம் அங்கி வேணும். அந்த ரொட்டியை வெட்டி தட்டுல அடுக்கி வெள்ளைத் துணி போட்டு மூடி வைக்கிறது வரைக்கும் அப்பா கை, துணியை எடுக்கிறது ஐயர் கை.

ஐயரம்மா ஊருக்கு வந்தா நாற்காலி போடுவாங்க. உபதேசியார் வீட்டம்மாவுக்கு பாய். அம்மா முப்பத்தோரு வருஷம் பாயில உக்காந்தவ. இப்ப புரியுதா ஏன் முகமெல்லாம் பல்லுன்னு.

அப்பாவுக்கும் ஒரு காலத்துல ஆசை இருந்துச்சு. நாசரேத்துக்குப் பக்கத்துல திருமறையூர்னு ஒரு இடம், அங்க முன்னாடி ஒரு இறையியல் கல்லூரி இருந்தது. அப்பா சின்னப் பையனா இருக்கும்போது அந்த வழியா சைக்கிள்ல போவாராம், சாயங்காலம் மாணவர்கள் ரெண்டு ரெண்டு பேரா பேசிக்கிட்டே நடப்பாங்களாம், ஒருத்தன் கையில எப்பவும் தடியா ஒரு புஸ்தகம் இருக்குமாம். அதைப் பாக்குறதுக்குன்னே சைக்கிளை மெதுவா மிதிப்பேன்னு சொல்லுவாரு. 1969ல திருமறையூர் காலேஜும் தரங்கம்பாடியில இருந்த லுத்தரன் காலேஜும் ஒண்ணா சேர்ந்து மதுரை அரசரடியில தமிழ்நாடு இறையியல் கல்லூரியா ஆயிருச்சு. அப்ப அப்பாவுக்கு பதினாறு வயசு. காலேஜே ஊரை விட்டுப் போயிருச்சுல்லா, அப்புறம் நான் எங்க போறதுன்னு ஜோக் மாதிரி சொல்லுவாரு. ஜோக் இல்ல. பின்னாடி ரெண்டு தடவை மனு போட்டிருக்காரு, ரெண்டு தடவையும் அந்தக் காலத்து கமிட்டி வேற யாரையோ எடுத்துச்சு. ஏன்னு அவரும் சொன்னதில்ல, நாங்களும் கேட்டதில்ல. எங்க தெரு எந்தத் தெருன்னு தெரிஞ்சவங்களுக்கு கேக்க வேண்டியதும் இல்ல.

சரி, ஆராதனைக்கு வருவோம். காலையில ஒன்பதரைக்கு போய் இறங்கினோம். கேட்லயே பறை. நாலு சீனியர் பசங்க, அதுல ஒரு பொண்ணு, இடுப்புல துப்பட்டாவைக் கட்டிக்கிட்டு வெளுத்து வாங்குது. அம்மா அப்படியே நின்னுட்டா. "யாரும் செத்துப்போனாவளா?"ன்னு என் காதுல கேக்கிறா. எங்க ஊர்ல பறை கேட்டா சாவுதான், கோயிலுக்குள்ள ஆர்மோனியமும் பாமாலையும்தான், அதுவும் பாமாலைன்னா வெள்ளைக்காரன் மெட்டு. இப்ப தமிழ்நாட்டு செமினரிகள்ல இது பழகிப்போன விஷயம், மதுரையில பாடம் எடுத்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, அவரு மாதிரி ஆட்கள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள்ளேயே கொண்டு வந்து பல வருஷம் ஆச்சு. ஆனா ஊர்க் கோயில் வரைக்கும் அது இன்னும் வந்து சேரல. அப்பா ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் கேட்டாரு, அப்புறம் அவரு வலது கால் பெருவிரல் மட்டும் செருப்புக்குள்ள தாளம் போடுறதை நான் பாத்தேன்.

புது பேட்ச் முப்பது பேர் போல. வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டி, பொண்ணுங்க ஏழெட்டுப் பேர் வெள்ளைச் சேலை. என் தம்பிக்கு வேட்டி நிக்காது, பெல்ட் போட்டிருக்கான்னு பாத்தாலே தெரியுது. பொண்ணுங்களைப் பாத்து பக்கத்துல ஒரு அம்மா "இவங்களுக்கும் பட்டம் கொடுப்பாங்களா"ன்னு கேட்டாங்க, கொடுப்பாங்க, 2013ல ஆந்திராவுல நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதான்னு ஒரு பெண் பிஷப்பே வந்தாச்சுன்னேன். "அது ஆந்திரா"ன்னாங்க.

அப்புறம் அம்மாவுக்கு ஒரு சந்தேகம், ஹாண்ட்புக்ல பட்டம் கொடுக்கிறது செராம்பூர்னு போட்டிருக்கு, அது எந்த ஊருன்னு. கல்கத்தா பக்கம்னு சொன்னேன். "அங்க எதுக்கு, இங்க தாள் இல்லயா?" நியாயமான கேள்விதான். 1818ல கேரி, மார்ஷ்மன், வார்டுன்னு மூணு இங்கிலீஷ் மிஷனரிகள் ஆரம்பிச்ச காலேஜ் அது, அந்த ஊரு அப்ப டென்மார்க்காரன் கையில இருந்ததால 1827ல டென்மார்க் ராஜா பட்டம் கொடுக்கிற உரிமையை எழுதிக் கொடுத்தாரு, இன்னைக்கு வரைக்கும் இந்தியாவுல பல செமினரிகளுக்கு பி.டி. (இறையியல் இளங்கலை) பட்டம் அந்தக் குடையின் கீழதான் வருது. நம்ம தரங்கம்பாடியும் அதே டென்மார்க்காரன் ஊருதான், 1845ல ரெண்டையும் சேர்த்து இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டு கிளம்பிட்டான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, அவன்கூட பேசாத அந்த மூணு மாசமும் ராத்திரி உக்காந்து செமினரின்னா என்ன எழவுன்னு தேடித் தேடி படிச்சிருக்கேன். கோவத்துல படிச்சா நல்லா மண்டையில ஏறும் போல.

ஆராதனை ஆரம்பிச்சுது. பிரின்சிபால், வெள்ளை அங்கி, மெல்லிய குரல். அவர் முதல்ல சொன்னதே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. இன்னைக்கு நீங்க பட்டம் வாங்கல, ஐயர் ஆகல, ஆவீங்கன்னு இந்தக் கல்லூரி உறுதியும் கொடுக்கல, நீங்க இன்னைக்கு படிக்க மட்டும்தான் ஒப்புக்கொடுக்கிறீங்க, படிக்கப் படிக்க உங்க அழைப்பு இது இல்லன்னு தெரிஞ்சா திரும்பிப் போங்க, அப்படிப் போறவங்களை இங்க யாரும் கேலி பண்ண மாட்டோம்னாரு. கலப்பையில கை வெச்சுட்டு பின்னால பாக்கிறவன் தகுதியில்லங்கிற பைபிள் வசனத்தை எங்க ஊர்ல எத்தனை கன்வென்ஷன்ல கேட்டிருக்கேன், இங்க ஒருத்தர் நின்னு தைரியமா பின்னால பாருங்கங்கிறாரு. அம்மாவுக்கு இது சுத்தமா பிடிக்கல, "என்ன இப்படி அபசகுனமா பேசுதாரு"ன்னா. எனக்கு அப்பதான் அந்த மனுஷன்மேல ஒரு மரியாதை வந்துச்சு. நிஜத்துலயும் அதுதான் நடைமுறை, நாலு வருஷம் பி.டி., அப்புறம் திருமண்டலத்துல பயிற்சிக் காலம், அப்புறம் டீக்கன் பட்டம், அதுக்கும் அப்புறம்தான் பிரெஸ்பிட்டர், அதாவது முழு ஐயர். இருபத்தஞ்சு வயசுப் பையன்கிட்ட இன்னைக்கே வாழ்நாள் சத்தியம் வாங்கினா அது அவனுக்கும் பாவம், அவன்கிட்ட மாட்டப்போற சபைக்கும் பாவம்.

பிரசங்கம் சபை வரலாறு எடுக்கிற வயசான புரொஃபசர். ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கினதுல ஆரம்பிச்சாரு, எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, சரி தூங்கலாம்னு நான் சாய்ஞ்சேன். 1716ல சீகன்பால்க் அங்கேயே ஒரு செமினரி ஆரம்பிச்சாரு, உங்க முதல் தாத்தாக்கள் அவங்கதான், ஐயர் ஆகிறதுக்கு இல்ல, உபதேசியார் ஆகிறதுக்கு சேர்ந்தவங்கன்னாரு. அந்த வார்த்தை வந்ததும் அப்பா நிமிர்ந்து உக்காந்தாரு. அப்புறம் ஆரோன். கடலூர்க்காரர், பழைய பேரு ஆறுமுகம், 1733ல பட்டம் வாங்கினவர், இந்தியாவுல புராட்டஸ்டன்ட் சபையில முதல் இந்தியக் குருவானவர். அதோட நிறுத்தியிருந்தா சாதாரண பிரசங்கம். அவரு கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு இன்னொரு பேரு சொன்னாரு, ராஜநாயக்கன்.

தஞ்சாவூர் ராஜா படையில சிப்பாயா இருந்தவர் ராஜநாயக்கன். தஞ்சாவூர்ச் சீமையில சபை வளர்ந்ததுல அவருக்குப் பெரிய பங்கு, அடியும் உதையும் வாங்கி ஊர் ஊரா நடந்த உபதேசியார். ஆரோனுக்கு அடுத்து யாருக்குப் பட்டம்னு பேச்சு வந்தப்ப அவர் பேரு வந்துச்சு. ஆனா அவர் பறையர், அவர் கையால நற்கருணை வாங்க மத்த சாதிக் கிறிஸ்தவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு மிஷனரிமாரே யோசிச்சு விட்டுட்டாங்க. 1741ல தியோகுங்கிறவருக்குப் பட்டம் கொடுத்தாங்க. ராஜநாயக்கன் கடைசி வரைக்கும் உபதேசியார்தான். "இந்த செமினரிக்கு நீங்க வந்த வழியில, பட்டம் வாங்காத ஒரு ஆள் நிக்கிறாரு. அவரைத் தாண்டித்தான் நீங்க உள்ள வரணும்"னு சொல்லிட்டு கண்ணாடியை மாட்டிக்கிட்டாரு, பிரசங்கம் முடிஞ்சிருச்சு. பத்து நிமிஷம்கூட இருக்காது. நான் அப்பா பக்கம் திரும்பல. திரும்பக் கூடாதுன்னு தோணுச்சு.

அடுத்துதான் உடன்படிக்கை. இதை எப்படி எழுதுறதுன்னு தெரியல, நடந்தது நடந்தபடி எழுதுறேன்.

முப்பது பேரும் முன்னால வரிசையா நிக்கிறாங்க. பிரின்சிபால் ஆராதனை முறைமைப் புஸ்தகத்துல இருக்கிற அந்த கோயில் தமிழ்ல கேள்வி கேக்கிறாரு, மாணவர்கள் ஒண்ணா பதில் சொல்லணும். வேதத்தையும் உலகத்தையும் கருத்தாய்க் கற்றுக்கொள்வீர்களா? சாதி, மொழி, சபைப் பிரிவு பாராமல் ஒரே பந்தியில் அமர்வீர்களா? கைவேலையை இழிவாய் எண்ணாமல் செய்வீர்களா? ஏழைகளிடத்தில் கற்றுக்கொள்ள மனதாயிருப்பீர்களா? ஒவ்வொண்ணுக்கும் பதில், "தேவ ஒத்தாசையினால் அப்படியே செய்வோம்."

முதல் கேள்வி முடிஞ்சுது. பிள்ளைகளுக்கு பயம், யார் ஆரம்பிக்கிறதுன்னு ஒரு அரை செகண்ட் தயக்கம், அந்த அரை செகண்ட்ல எனக்குப் பக்கத்துல இருந்து கணீர்னு ஒரு குரல், "தேவ ஒத்தாசையினால்..." அப்பா! முப்பத்தோரு வருஷம் பதிலை எடுத்துக் கொடுத்துப் பழகின தொண்டை, ஐயர் வாசிச்சு நிறுத்தினா அடுத்த வரி அதுபாட்டுக்கு வரும், உபதேசியார் ஆரம்பிச்சாத்தான் சபை சேந்துக்கும், அதான் அவரு வேலையே. பிள்ளைகள் முப்பது பேரும் அந்தக் குரலைப் புடிச்சுக்கிட்டு "...அப்படியே செய்வோம்"னு முடிச்சாங்க. முன் வரிசையில ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க. அம்மா அவரு தொடையில கிள்ளினா. பிரின்சிபால் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கி எங்க பக்கம் பாத்தாரு, நான் நினைச்சேன் போச்சு, மானம் போச்சுன்னு. அவரு எதுவும் சொல்லாம அடுத்த கேள்வியை வாசிச்சாரு. திரும்பவும் அப்பா. கிள்ளினது அவருக்கு உறைக்கவே இல்ல. கண்ணை மூடியிருக்காரு, அவருக்கு அது வேற யாரோ பிள்ளைகளோட ஆராதனை இல்ல, ஆராதனை, அவ்வளவுதான், கேள்வி வந்தா பதில் சொல்லணும். நாலு கேள்விக்கும் அவர்தான் எடுத்துக் கொடுத்தாரு. எழுபத்தி ரெண்டு வயசுல, செக் போட்ட சட்டையில, எங்க அப்பா செமினரியில சேர்ந்துட்டாரு.

தம்பி திரும்பிப் பாக்கல, ஆனா அவன் தோளு குலுங்குச்சு. சிரிக்கிறானா அழுறானான்னு பின்னாடி இருந்து தெரியல. அப்புறம் கேட்டேன், ரெண்டும்தான்னான்.

கடைசியில "இவர்களை அனுப்பும் குடும்பத்தாரும் சபையாரும் எழும்பி நிற்கவும்"னாங்க. இவர்களை மனப்பூர்வமாய் ஒப்புக்கொடுக்கிறீர்களான்னு கேள்வி. எல்லாரும் சொன்னாங்க. நான் சொல்லல. வாயைத் திறந்தேன், மனப்பூர்வமாய்ங்கிற அந்த வார்த்தை வந்து தடுத்துருச்சு, இன்னும் ரெண்டு வருஷ இ.எம்.ஐ. பாக்கி இருக்கும்போது மனப்பூர்வமாய்னு எப்படிச் சொல்றது. பொய் சொல்றதுக்கு சும்மா நிக்கிறது மேல்னு நின்னேன். இப்பவும் அதுல எனக்கு வருத்தம் இல்ல.

அப்புறம் ஒரு பெரிய ரெஜிஸ்டர்ல ஒவ்வொருத்தரும் கையெழுத்து போட்டாங்க, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாங்க. இயேசு சீஷர்களோட காலைக் கழுவி துடைச்சாருல்ல, அந்தத் துண்டு. அம்மா அதை வாங்கி ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு ஈரிழைதான், ரெண்டு தண்ணிக்கு சாயம் போகாதுன்னு சர்டிஃபிகேட் கொடுத்தா. அப்பா அதை மடிச்ச விதம் சரியில்லன்னு திரும்ப மடிச்சுக் கொடுத்தாரு.

மதியம் மெஸ்ல சாப்பாடு. புதுப் பிள்ளைகள்தான் பரிமாறணுமாம், முதல் நாள் வேலையே அதுதான். தம்பி சாம்பார் வாளியைத் தூக்கிட்டு வர்றான், வேட்டியில பாதி சாம்பார், அப்பா இலையில மீதி. அப்பதான் நான் மூணு மாசத்துக்கு அப்புறம் அவன்கிட்ட பேசினேன், "லே, கரண்டியைச் சாய்ச்சுப் புடி." அவன் "சரிக்கா"ன்னான். சமாதானம்னா எங்க வீட்ல இப்படித்தான்.

திரும்பி வர்ற பஸ்ல அம்மா தூங்கிட்டா. அப்பா ஜன்னல் பக்கம். கோவில்பட்டி தாண்டினதும் திடீர்னு கேட்டாரு, "ஏட்டி, அந்த ராஜநாயக்கன் இருக்காருல்லா, அவருக்கு மொத்தம் எத்தனை ஊரு?"

"தெரியலப்பா. நிறைய ஊருன்னு போட்டிருந்துச்சு."

"நடந்தேதான் போயிருப்பாரு என்ன."

"ஆமா, அப்ப ஏது பஸ்."

"எனக்கு ஒம்போது ஊரு. எனக்கு சைக்கிள் இருந்துச்சு." அதோட ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

மூணு வாரம் கழிச்சு தம்பி போன் பண்ணினான். எனக்கு இல்ல, அப்பாவுக்கு. எங்க அப்பா போன்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசி நாங்க யாரும் பாத்ததில்ல, சொல்லு, சாப்பிட்டியா, சரி வையி, அவ்வளவுதான். விஷயம் என்னன்னா, ட்யூட்டி லிஸ்ட்ல தம்பிக்கு அந்த மாசம் சேப்பல் மணி போட்டிருக்காங்க, காலையில அஞ்சரைக்கு. கயிறை இழுத்தா மணி ரெண்டு தடவை ஒழுங்கா அடிக்குது, மூணாவது தடவை இடறுது, ஹாஸ்டல்ல எல்லாவனும் இவனைக் கிண்டல் பண்றானாம். எப்படிப்பா அடிக்கணும்னு கேட்டான்.

அப்பா எழுந்து திண்ணைக்குப் போனாரு. கயிறை இழுக்கக் கூடாதுலே, விடணும், இழுக்கிறது பாதி விடுறதுதான் மீதி, மணியே கயிறை மேல கேக்கும், அது கேக்கும்போது விட்டுரணும், உன் கை அது பின்னாலயே போகணும், கட்டைவிரலை உள்ள மடக்காத, மழைக்காலத்துல கயிறு கனக்கும் அப்ப ஒரு முழம் மேல புடி, சாவு மணின்னா வேற, அதை அப்புறம் சொல்லுதேன்னு இடது கையில போனை வெச்சுக்கிட்டு வலது கையை அந்தரத்துல ஏத்தி ஏத்தி இறக்கிக்கிட்டு திண்ணையில நின்னாரு. அம்மா உள்ள இருந்து எட்டிப் பாத்தா. நான் மணியைப் பாத்தேன், இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்துச்சு, இன்னும் சாவு மணிக்கு வரல.